இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு

மச்சான்,

புது இசைத்தட்டின் உறையைத் திறக்கும்போது ஒரு மணம் வரும். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் மூக்கை வைத்தது போல, கொஞ்சம் மையும் கொஞ்சம் பிளாஸ்ரிக்கும் கலந்த மணம். போன செவ்வாய்க்கிழமை தபால்காரர் தந்துவிட்டுப் போன பெட்டியைப் பிரித்ததும் அது என் முகத்தில் அடித்தது. நோர்வே முத்திரை. உள்ளே நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து வாசித்த அந்த ஜாஸ் இசைத்தட்டு, புதிதாக அச்சடித்தது. உறையில் உன் கையெழுத்தில் 'சந்தி' என்ற பெயர். நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிவிட்டது. உன் கையெழுத்து மட்டும் வந்து என் மேசையில் இருக்கிறது.

கூடவே ஒரு கடிதம். உங்கள் குழுவில் ட்ரம்ஸ் அடித்த பெண்மணி எழுதியது. இங்கிலீசுக் கடிதத்தை நான் ஒரே மூச்சில் வாசித்துவிடுவேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்குத்தான் தெரியுமே, எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். நல்லூரில் ரியூசன் வகுப்பு எடுத்துவிட்டு வந்த என் மகள்தான், சைக்கிளை நிறுத்திய கையோடு வாசித்துச் சொன்னாள்.

"அப்பா, உங்களை நல்லாய்ப் புகழ்ந்திருக்கிறா. உங்கடை ஸ்பீக்கரைக் கேட்டுத்தான் அவர் இந்த இசைக்கே போனவராம்."

"அதை நான் எத்தினை வருசமாய்ச் சொல்லுறன்! ஆர் நம்பினது? நீ நம்பினனியோ?"

"பொறுங்கோ, இன்னும் கிடக்கு."

மிச்சத்தை அவள் மெதுவாக வாசித்தாள். இந்த இசைத்தட்டின் கடைசிப் பாட்டை மேடையில் நீ எப்போதும் இரண்டு தரம் வாசிப்பாயாம். ஏன் என்று கேட்டால், 'என் அப்பா இதை இரண்டு தரம் கேட்டவர், ஆகவே நானும் இரண்டு தரம் வாசிக்க வேண்டும்' என்பாயாம். ஆஸ்பத்திரிக்குப் போக முதல் வாசித்த கடைசிக் கச்சேரியிலும் அப்படித்தானாம். அந்தக் கச்சேரியில் பதிந்ததையும் இந்தப் புதுப் பதிப்பின் முடிவில் சேர்த்திருக்கிறார்கள். இப்போது உன்னைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போடப் போகிறார்கள். 'அவருடைய தந்தை அந்தப் பாட்டைக் கேட்டபோது பக்கத்தில் இருந்தவர் நீங்கள். அவர் எப்படிக் கேட்டார் என்று எழுதி அனுப்ப வேண்டும்.'

மகள் கடிதத்தை மடித்துத் தந்தாள். "எழுதுங்கோவன் அப்பா. உங்களுக்கு உது கைவந்த வேலைதானே."

ஓம், கைவந்த வேலைதான். அதுதான் பயமாக இருக்கிறது.

அந்தப் பெண்மணிக்கு எழுத முதல் உனக்கு எழுதியிருக்க வேண்டும். உன் அப்பா அந்தப் பாட்டைக் கேட்கவில்லை, மச்சான். இரண்டு தரமும் இல்லை. ஒரு தரமும் இல்லை.

முதலில் என் பெருமையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் எனக்குப் பேனை ஓடாது. வடபகுதி முழுவதற்கும் லவுட்ஸ்பீக்கர் என்றால் அந்தக் காலத்தில் என் பெயர்தான். வடபகுதி முழுவதும் இல்லை. கொக்குவிலும் அதைச் சுற்றிய நாலு இடமும். ஒரு முறை ஒரே நாளில் இரண்டு கோயிலில் திருவிழா வந்தது. இரண்டுக்கும் நானே ஸ்பீக்கர் கட்டினேன். சந்தியில் எதிரும் புதிருமாக இரண்டு பக்கமும் குழாய்கள். ஒன்றில் நாதஸ்வரம், மற்றதில் பிரசங்கம். பிள்ளையார் கோயில் குழாயில் அம்மன் கோயில் நிகழ்ச்சி கேட்கிறது, அம்மன் கோயில் குழாயில் பிள்ளையாருடையது. நடுவில் உங்கள் சேர்ச் மணியும் அடிக்கத் தொடங்கிவிட்டது. சனம் காதைப் பொத்திக்கொண்டு ஓடியது. நீ மட்டும் சைக்கிளைப் பிடித்தபடி சந்தியின் நட்டநடுவில் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிச் சிரித்தாய்.

"மச்சான், ஒண்டையும் குறைக்காதை. அப்பிடியே விடு."

"உனக்கென்ன விசரோ? ரெண்டு கோயில்காரரும் என்னை அடிக்க வருகினம்!"

"அவையள் ஒரு காதாலை கேக்கினம். நீ ரெண்டு காதையும் திறந்து கேளடா."

அதை நான் வேண்டுமென்றே அப்படிக் கட்டினேன் என்று இத்தனை காலமும் சொல்லி வந்திருக்கிறேன். ஒரு புது முயற்சி என்றுகூடச் சொன்னேன். இன்று உண்மை எழுதுகிற நாள். வயரை மாற்றிக் கொழுவிவிட்டேன். அவ்வளவுதான்.

நீ நோர்வேக்குப் போய், பகலில் மீன் தொழிற்சாலையிலும் மாலையில் பழைய சக்ஸபோனோடும் காலம் தள்ளி, உன்னைப் போல நாலு பேரைக் கண்டுபிடித்தபோது எனக்கு எழுதினாய். ஸ்ரூடியோவில் ஐந்து பேரும் ஒரே அறையில் நிற்பீர்களாம். தாளில் எதுவும் எழுதி வைப்பதில்லையாம். யார் முதலில் தொடங்குவது என்றுகூடப் பேசிக்கொள்வதில்லையாம். ஒருவர் ஊதும்போது மற்றவர் தன்னுடையதைக் குறைக்கக்கூடாது என்பது மட்டும்தான் சட்டம். அந்தச் சட்டத்தை வாசித்தவுடனேயே இது என் வயரில் பிறந்த சட்டம் என்று கண்டுகொண்டேன்.

உன் அப்பா கதை வேறு. மெதடிஸ்ற் சேர்ச்சில் காலால் மிதிக்கும் அந்த ஓர்கனை வாசித்தவர். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பாட்டு மாஸ்ரர். கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளையான என்னையும் கிறிஸ்மஸ் பாடகர் வரிசையில் நிறுத்தி, காதுக்குக் கிட்ட வந்து, "தம்பி, நீ வாயை மட்டும் அசை, என்ன?" என்று சொன்னவர். நான் அதை மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது.

ஒரு ஞாயிறு மாலை ஆராதனையில் நீ அவருடைய ஓர்கனோடு கிளாரினெற் வாசித்தாய். முடிவில் அவர் எப்போதும் வாசிக்கும் அந்த மாலைக் கீர்த்தனை. முதல் அடியில் கூடப் போனாய். இரண்டாம் அடியில் விலகினாய். மூன்றாம் அடியில் நீ எங்கேயோ தனியே போய்க்கொண்டிருந்தாய். நான் அன்று சேர்ச் வாசலில் உனக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். பாட்டின் நடுவில் டப் என்று ஒரு சத்தம். மாஸ்ரர் ஓர்கன் மூடியைச் சாத்திவிட்டார். அதற்குப் பிறகு நீ பயணம் போகும் நாள்வரை அவர் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நீ எழுதிய கடிதங்களையும் பிரிக்காமல் மேசை லாச்சிக்குள் வைத்தார். என்னிடம் மட்டும் ஒரு நாள் சொன்னார்: "பாட்டை நடுவிலை விட்டிட்டுப் போனவன், தம்பி."

ஆகவேதான் அந்தக் கசற்றை நீ அவருக்கு அனுப்பாமல் எனக்கு அனுப்பினாய். கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்து தந்தார்கள். கூட இருந்த துண்டுக் கடிதம் இன்னும் என்னிடம் உண்டு. 'மச்சான், அப்பாவுக்குப் போட்டுக் காட்டு. முழுக்கப் போடு. ரெண்டாம் பக்கத்திலை கடைசிப் பாட்டு அவருக்காக நான் தனிய வாசிச்சது. அவரின்ரை கீர்த்தனை. ஒரு இடமும் விலகாமல் வாசிச்சிருக்கிறன். மற்றதுகளை அவர் பேசினாலும் பரவாயில்லை. உதைக் கேட்டால் அவருக்கு விளங்கும்.'

அது சண்டைக் காலம், கரண்ட் இல்லை, பற்றறியும் இல்லை. எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின் சில்லில் டைனமோவை முட்டவிட்டு, அதிலிருந்து வயர் இழுத்து ரேப் ரெக்கோடரை ஓட்டுவது. மற்றவர்களுடைய சைக்கிளில் பாட்டுக் கேட்டால் பாடகர் தண்ணிக்குள் நின்று பாடுவது போல இருக்கும். என்னுடையதில் நாலு டயோட்டும் பெரிய கப்பாசிற்றர் ஒன்றும் என் கையால் பொருத்தியிருந்தேன். மிதி கொஞ்சம் ஆடினாலும் சத்தம் ஆடாது. இதைக் கூட்டிச் சொல்லவில்லை, மச்சான். இது மெய்.

ஒரு ஞாயிறு, சேர்ச் முடிந்து, சாப்பாடும் முடிந்த நேரம். உங்கள் வீட்டு விறாந்தையில் சைக்கிளை நிறுத்தினேன். ஐம்பது பேர் கூடியிருந்தார்கள் என்று எழுத வந்தேன். ஆறு பேர், அதில் ஒருவர் ஊறுகாய்க்குத் தேசிக்காய் கேட்டு வந்தவர். மாஸ்ரர் பிரம்புக் கதிரையில் இருந்தார். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து ஆட்களைக் குரலால்தான் பிடிப்பார். மகன் அனுப்பிய கசற் என்று சொன்னதும், போடாதே என்றும் சொல்லவில்லை, போடு என்றும் சொல்லவில்லை. கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தார்.

நான் ஏறி மிதித்தேன். நீங்கள் ஐந்து பேரும் தொடங்கினீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர், முந்தி ஸ்ரேசனில் வேலை செய்தவர், அவர் முதலில் வாயைத் திறந்தார்.

"இதென்னப்பா, ரெயில் தடம் புரளுற சத்தம் மாதிரிக் கிடக்கு!"

"ரெயில் நிண்டு எத்தினை வருசம்? சத்தத்தையாவது கேட்டமே எண்டு சந்தோசப்படுங்கோ," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்ரர் சிரிக்கவில்லை. முதல் பக்கம் முடியும்வரை கதிரையின் விளிம்பிலேயே இருந்தார். இறங்கிக் கசற்றைத் திருப்பிப் போட்டு மறுபடி ஏறினேன். தொடை இரண்டும் விறைத்திருந்தன. இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டில் நீங்கள் எல்லோரும் ஒன்றாக மேலே ஏறுகிற இடம் வருமே, அங்கே மாஸ்ரர் கையைத் தூக்கினார்.

"காத்துப் பத்தாது, தம்பி. சீராய் மிதி."

விறாந்தையே அதிர்ந்தது. ஸ்ரேசன்காரர் தொடையில் அடித்துச் சிரித்தார். "அப்ப இவன்ரை மிதியிலைதான் பிழை! பாவம், அந்தப் பெடியன் நல்லாய்த்தான் ஊதியிருப்பான்!" தேசிக்காய் கேட்டு வந்தவரும் தன் பங்குக்கு, "காலை மட்டும் அசையடாப்பா, சத்தம் வேண்டாம்!" என்றார். பாடகர் வரிசைக் கதை ஊர் முழுக்கத் தெரியும்.

எனக்கு முகம் எரிந்தது. என் மிதியில் பிழையா? என் கப்பாசிற்றரில் பிழையா? இந்த மனுசன் அன்றைக்கு என் தொண்டையில் பிழை கண்டார், இன்றைக்கு என் காலிலும் காண்கிறாரா? அப்படித்தான் நினைத்துக்கொண்டு மிதித்தேன். பாட்டு முடிந்தது. ட்ரம்ஸின் வெண்கலத் தட்டில் தட்டிய ஓசை மெல்ல மெல்லத் தேய்ந்து போனது. அந்தப் பக்கத்தில் இருந்தது இரண்டே பாட்டு, அடுத்தது எது என்று எனக்குத் தெரியும். உன் துண்டு என் சட்டைப்பைக்குள்தான் இருந்தது.

காலை நிறுத்தினேன்.

சில்லு தன்பாட்டில் இன்னும் கொஞ்சம் சுற்றும்தானே. அந்தச் சுற்றில் உன் சக்ஸபோனின் முதல் சுரம் வந்தது, மச்சான். ஒரே ஒரு சுரம். சில்லு ஓய ஓய அதுவும் கீழே இறங்கி, கிணற்றுக்குள் விட்ட வாளி போல ஆழத்தில் போய் நின்றது.

மாஸ்ரர் முகத்தை நிமிர்த்தினார். "முடிஞ்சுதோ, தம்பி?"

"ஓம் மாஸ்ரர். முடிஞ்சுது."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

அவருடைய இரண்டு காலும் சீமெந்து நிலத்தில் மாறி மாறி அசைந்துகொண்டிருந்தன. ஓர்கன் மிதிப்பது போல. நான் நிறுத்திய பிறகும் இரண்டு தரம் அசைந்துவிட்டுத்தான் நின்றன. அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் அவ்வளவுதான் என்று சொன்னேன்.

கோபம் ஆறினவுடன் வந்து மிச்சத்தைப் போடுவேன் என்றுதான் இருந்தேன். ஒரு கிழமை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அடுத்த கிழமை சண்டை கிட்ட வர, ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. ரேப் ரெக்கோடர் கொக்குவிலில் நின்றுவிட்டது. கசற் மட்டும் சட்டைப்பையில் வந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மாஸ்ரரைக் கண்டேன். காய்ச்சலோடு வகுப்பறை மர வாங்கில் படுத்திருந்தார். கசற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை. "தம்பி, ஓர்கனை ஆரும் மூடி வைச்சவையோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அதுவும் எனக்குத் தெரியாது. அவர் திரும்பி வரவில்லை.

உனக்கு நான் எழுதிய கடிதம் நாலு பக்கம். அதில் அவர் கண்ணீர் விட்டார், கதிரைக் கையில் தாளம் போட்டார், என்ரை பெடியன் என்று சொன்னார். நீ திருப்பி எழுதியது ஒரு வரி. 'கடைசிப் பாட்டைக் கேட்டவரோ? அதை மட்டும் சொல்லு.'

நான் எழுதினேன்: 'கேட்டவர் மச்சான். ரெண்டு தரம் கேட்டவர்.'

ஒரு தரம் என்று எழுதினால் அது பொய் போல இருந்தது. இரண்டு தரம் என்று எழுதியபோது எனக்கே உண்மை போல இருந்தது. என் கையின் குணம் அது. பிறகு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் நீ போன் எடுப்பாய். பிள்ளைகளைக் கேட்டு, மழையைக் கேட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அப்பா எப்பிடிக் கேட்டவர் எண்டு ஒருக்கால் சொல்லு மச்சான்," என்பாய். நானும் சொல்வேன். ஒரு வருடம் அவர் கண்ணை மூடிக் கேட்டார். மற்ற வருடம் ஒரு காகம் வந்து கத்த, அதைக் கையால் விரட்டினார். இன்னொரு வருடம், திருப்பிப் போடு தம்பி என்று என் கையைப் பிடித்தார். மறுமுனையில் உன் மூச்சு மட்டும் கேட்கும். நான் உன்னைச் சந்தோசப்படுத்துகிறேன் என்று நினைத்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. அந்த நேரத்தில் என்னைப் போலக் கதைசொல்ல ஆளில்லை என்று எனக்கே பெருமையில் ஒரு புளுகம் வரும்.

புதன்கிழமை காலை மகள் வேலைக்குப் போன பிறகு உன் இசைத்தட்டைப் போட்டேன். ஊசி தேயாத றெக்கோட் பிளேயர் கொக்குவிலில் இன்று என்னிடம் மட்டும்தான். இத்தனை வருடம் நான் அந்தக் கடைசிப் பாட்டைக் கேட்டதில்லை என்பது உனக்குத் தெரியுமா? கசற்றை அந்த இடத்திலிருந்து நகர்த்தக் கை வரவில்லை. முதல்முறை கேட்டேன். ஒரு இடமும் விலகாமல் போயிருந்தாய். ஒவ்வொரு அடியின் முடிவிலும் நீ மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது, ஓர்கன் துருத்தி காற்று வாங்குவது போல.

பிறகு அதே பக்கத்தின் முடிவில் அந்தக் கச்சேரி. முதல் தரம் வாசித்து முடித்தாய். கைதட்டல் இல்லை, அவர்களுக்குப் பழக்கம் போல, காத்திருந்தார்கள். இரண்டாம் தரம் இன்னும் மெதுவாக, ஒவ்வொரு அடிக்கும் பிறகு கொஞ்சம் இடம் விட்டு வாசித்தாய். ஒரு கிழவர் தலையாட்டுவதற்கு விட்ட இடம். அந்தக் கிழவர் அங்கே இல்லை. நான்தான் அவரை அங்கே இருத்தி வைத்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காத்துப் பத்தாது, சீராய் மிதி. காலால் மிதித்து ஓர்கன் வாசிக்கிறவனுக்குச் சொல்கிற சொல் அது. பாட்டு நன்றாக ஏறிக்கொண்டிருக்கும்போது, அது நின்றுவிடக்கூடாது என்று சொல்கிற சொல். அவர் என்னைப் பழிக்கவில்லை, மச்சான். உங்கள் ஐந்து பேரோடும் அவர் கூடப் போய்க்கொண்டிருந்தார். என்னையும் சேர்த்துக்கொண்டுதான் போனார். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவர் என்னை வாத்தியக்காரனாக மதித்தார். அதைத்தான் நான் அவமானம் என்று எடுத்தேன்.

நேற்றுப் பின்னேரம் மகளை இருத்தி, அந்தப் பெண்மணிக்குரிய பதிலை நான் சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். முதல் தாளில் காகம் வந்துவிட்டது. கிழிக்கச் சொன்னேன். இரண்டாவது தாளில் சுருக்கமாகச் சொன்னேன்: 'அவர் கடைசிப் பாட்டைக் கேட்கவில்லை. நான் மிதிப்பதை நிறுத்திவிட்டு முடிந்துவிட்டது என்று சொன்னேன். மகனுக்குப் பொய் எழுதினேன். இத்துடன் அந்தக் கசற்றை அனுப்புகிறேன். நாடா எந்த இடத்தில் நிற்கிறதோ அதுவரை அவர் கேட்டார்.'

மகள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, உண்மையோ உது?"

"இந்த ஒருக்கால் உண்மை."

"அவையள் புத்தகத்திலை போடமாட்டினம்."

"போடட்டும், விடட்டும்."

பிறகு கசற்றை எடுத்து, "அப்ப முதல்லை இருந்து கேக்கிற மாதிரிச் சுத்தியாவது விடட்டோ?" என்றாள். "சுத்தக்கூடாது பிள்ளை," என்று வாங்கி, தபாலில் குலுங்கி ஒரு பல்லும் நகராதபடி இரண்டு சக்கரத்துக்கும் காகிதம் மடித்துச் செருகினேன். இன்று காலை அனுப்பியாயிற்று.

உன்னிடம் சொல்ல வழியில்லாமல் போன பிறகு சொல்கிறேன் என்று தெரியும். நீ இருந்திருந்தால் இந்தக் கிறிஸ்மஸுக்கும் காகம் வந்திருக்கும். மன்னித்துக்கொள் என்று எழுதினால் அதற்கும் நானே உன் குரலில் ஒரு பதில் புனைந்துவிடுவேன். அதனால் எழுதவில்லை.

கசற் கையை விட்டுப் போய்விட்டது. கேள்வி போகவில்லை. மறுபடி ஓடத் தொடங்கிய ரெயில் ஸ்ரேசனைத் தாண்டிப் போய், அந்தச் சத்தம் முழுவதும் ஓய்ந்தபின் வரும் அமைதியில் அவர் முகத்தை நிமிர்த்துகிறார். முடிஞ்சுதோ, தம்பி?

"இல்லை மாஸ்ரர்," என்று இப்போது வாய்விட்டே சொல்கிறேன். "இன்னும் ஒண்டு கிடக்கு."

சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தால், கதிரையின் கீழ் என் கால் இரண்டும் மாறி மாறி அசைந்துகொண்டிருக்கின்றன.